சோப்புக்குப் பால் ஊற்றியவர்

நம் பள்ளிக்கூட குரூப்பில் போன வாரம் ஒருத்தி வீடியோ போட்டிருந்தாள், வீட்டிலேயே பால் சோப்பு செய்வது எப்படி என்று. நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள்; கைதட்டுகிற படமும் இதயப் படமுமாகப் போட்டுத் தள்ளினீர்கள். நானும் பார்த்தேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தேன். அந்தப் பெண் பாலை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைக்கிறாள். உறைந்த பால் கட்டிகளின் மேல் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கரைக்கிறாள். சூடு ஏறவில்லை, நிறம் மாறவில்லை, நாறவும் இல்லை. வெள்ளை வெளேரென்று சோப்பு வந்துவிட்டது. ஐஸ்! அவ்வளவுதான் விஷயம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைத் தூக்கிச் சோபாவில் எறிந்துவிட்டேன்.

எதற்கு இவளுக்கு இவ்வளவு கோபம் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் தெருவில் இருந்தவர்கள் அந்த நாற்றத்தை மறந்திருக்க முடியாது. ஏழாவது படிக்கும்போது என்னைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவர்களும் இந்த குரூப்பில்தான் இருக்கிறீர்கள். பெயர் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள். ஆனால் உங்களுக்குத் தெரிந்த கதை முழுக் கதை இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீளமாக இருக்கிறது என்று யாரும் முனகக் கூடாது. நீங்கள் தினமும் அனுப்புகிற குட்மார்னிங் ரோஜாப் பூக்களை எல்லாம் நான் பொறுத்துக்கொள்ளவில்லையா?

அப்பாவுக்குப் பால் பூத்தில் வேலை. விடியற்காலையிலும் சாயங்காலமும் பூத்தில் நின்று பாக்கெட் விற்பார். நடுவில் சைக்கிளில் பெரிய வீடுகளுக்குப் போட்டுவிட்டு வருவார். அம்மா ஓசூர் ரோட்டுப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் சட்டைக் காலர் தைத்தாள். காலையில் கம்பெனி வேன் ஏறினால் இருட்டிய பிறகுதான் இறங்குவாள். பாத்ரூம் போவதற்குக்கூட சூப்பர்வைசரிடம் டோக்கன் வாங்க வேண்டுமாம். துணித் தூசியில் அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்துவிடுவாள். வீங்கிய கணுக்காலை அமுக்கினால் விரல் பதிந்த குழி கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும்.

எனக்கு அப்போது அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. சின்னப் பிள்ளைகள் எவ்வளவு சுயநலம் பிடித்தவர்கள் என்று நமக்கெல்லாம் தெரியாதா என்ன! எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அம்மா வீட்டில் இருக்க வேண்டும். உங்கள் அம்மாக்கள் எல்லாம் வாசலில் நின்று "கை கால் கழுவு" என்று கத்துவார்கள்; அந்தக் கத்தலுக்கு நான் ஏங்கினேன். நானே பூட்டைத் திறந்து, நானே லைட்டைப் போட்டு, மூடி வைத்த ஆறிப்போன சோற்றைத் தின்றுவிட்டு, ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்வேன். பயமாக இருக்கும். யாரிடமும் சொன்னதில்லை. ஏழாவது படிக்கிற பெண் பயம் என்றா சொல்வாள்?

அந்த வருஷம் தீபாவளிக்குப் பிறகு, அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்களுக்குச் சுயதொழில் வகுப்பு ஆரம்பித்தார்கள். மெழுகுவர்த்தி, ஃபினாயில், சோப்பு. வாரத்தில் கிடைக்கிற ஒரே லீவு நாளை அம்மா அதற்குக் கொடுத்தாள். அப்பாவின் அக்காவான அத்தை எங்கள் பக்கத்து வீடு. அவளுக்கு இது பிடிக்கவில்லை. "பொழுதன்னிக்கும் மிஷின்ல குந்திகினு கீறவளுக்கு சோப்பு எதுக்கு? அவளுக்குக் குளிக்கிறதுக்கே நேரம் இல்ல" என்பாள்.

ஆனால் அம்மாவின் கைக்குச் சோப்பு வசப்பட்டது. தேங்காய் எண்ணெயை இளஞ்சூடாக்கி, ஆற வைத்த காஸ்டிக் தண்ணீரை அதில் மெல்ல ஊற்றி, மரக்கரண்டியால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். தோசை மாவுப் பதம் வந்ததும் அச்சில் ஊற்றி மூடி வைத்துவிட வேண்டும். முதல் தடவை, அத்தை மனமிரங்கிக் கொடுத்த அலுமினியச் சட்டியில் காஸ்டிக்கைக் கலந்து தொலைத்தாள். சட்டி புஸ்ஸென்று சீறிக் கறுத்து, அடியில் ஓட்டை விழுந்துவிட்டது. அந்தச் சட்டிக்காக அத்தை எங்களோடு பல நாள் பேசவில்லை. பேசாத அந்த நாட்களில் வீடு நிம்மதியாக இருந்தது. அதற்குப் பிறகு அம்மா தன் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் குண்டானைப் பரணிலிருந்து இறக்கிவிட்டாள்.

அச்சுக்கு, பி.வி.சி. பைப்பைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருந்தோம். சோப்பு இறுகியதும் ஒரு கட்டையால் பின்னாலிருந்து தள்ளினால் வெள்ளைக் கம்பு மாதிரி வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அதை நூலால் வட்டம் வட்டமாக அறுப்பது என் வேலை. அறுக்கும்போது தேங்காய் வாசனை கும்மென்று எழும்பும். அந்த பைப் துண்டுகள் எங்கே போயினவோ. பரணிலும் தேடிவிட்டேன், இல்லை.

அப்பா பால் போடுகிற வீடுகளில் ஒன்று பார்லர் மேடத்தின் வீடு. ஃபிரேசர் டவுனில் ப்யூட்டி பார்லர் வைத்திருந்தாள். யுகாதிக்கு இந்திரா நகரில் இன்னொரு பார்லர் திறக்கப் போவதாகப் பேச்சு. அப்பா அவளுக்கு ஒரு சோப்பைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். ஒருநாள் அவளே ஸ்கூட்டரில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். கன்னடமும் இங்கிலீஷும் தமிழும் கலந்து பேசினாள்.

"சோப் சூப்பராகிதே. ஆனா ப்ளெய்னா இருக்கு. மில்க் சோப் மாட்தீரா? எல்லாரும் டிவி பார்த்துட்டு மில்க் க்ரீம், மில்க் க்ரீம்னு கேக்கறாங்க."

"செய்வேன் மேடம்" என்றாள் அம்மா. எப்படிச் செய்வது என்று அவளுக்குத் தெரியாது.

"ஃப்ரெஷ் ஹாலு தானே? பவுடர் கிவுடர் எல்லாம் பேடா. கஸ்டமர்கிட்ட நான் சுள்ளு சொல்லக் கூடாது."

"பொய் எதுக்கு மேடம்? சத்தியமா ஃப்ரெஷ் பால்தான். எங்க வீட்டுக்காரரே பால்காரரு!" என்று அம்மா சிரித்தாள்.

சாம்பிள் பிடித்திருந்தால் மாதாமாதம் இரண்டு பார்லருக்கும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள் மேடம். அவள் தெருமுனை திரும்புவதற்குள் அம்மா என்னைப் பிடித்து உலுக்கினாள். "இது மட்டும் நடந்துச்சுன்னா ஃபேக்டரிக்கு ஒரு கும்பிடுடி!" என்றாள். அன்றிலிருந்து எனக்கு அந்தப் பால் சோப்பைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. நம் வீடுகளில் பால் என்றால் காய்ச்சின பால்தான். பாக்கெட்டை வெட்டின கையோடு அடுப்பில் ஏற்றிவிடுவோம். பச்சைப் பாலை எதிலாவது சேர்க்கலாம் என்ற யோசனையே நம் அம்மாக்களுக்கு வராது. ஃப்ரிட்ஜ் இருந்த வீடும் நம் தெருவில் அபூர்வம். அம்மா தண்ணீருக்குப் பதிலாகக் காய்ச்சின பாலில் காஸ்டிக்கைப் போட்டாள். பால் மஞ்சளானது, ஆரஞ்சானது, பிறகு கருகிய பழுப்பாகித் திரிந்து திரிந்து நின்றது. வீடு முழுக்க பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் நாற்றம். ஜன்னலைத் திறந்தால் தெருவுக்கும் நாற்றம்.

அடுத்த வாரம் தயிர். அது ரவை மாதிரி குருணை குருணையாக நின்றது. பிறகு மோர். பிறகு பால் ஏட்டை ஒரு வாரம் சேர்த்து வைத்து எண்ணெயோடு கலந்தாள். அது மட்டும் அழகாக இறுகியது. நாங்கள் துள்ளிக் குதித்தோம். சில நாளில் சோப்பின் மேல் முத்து முத்தாக எண்ணெய் வியர்த்து, பழைய முறுக்கு டின்னைத் திறந்த மாதிரி சிக்கு வாசனை வந்துவிட்டது. அப்பாவுக்கு எல்லாம் விளையாட்டு. ஒழுகின பாக்கெட், விற்காத பாக்கெட் என்று ஏதாவது கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்னாமே, அடுத்தது பால்கோவாவா?" என்பார். அம்மா மரக்கரண்டியை ஓங்குவாள்.

"குழந்தை குடிக்கிற பாலைக் கொண்டுபோய் அழுக்குத் தேய்க்கிறதுல கொட்டறா" என்று அத்தை பக்கத்து வீட்டிலிருந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்வாள்.

ஒருநாள் அம்மா குண்டானை முற்றத்தில் கவிழ்த்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து அழுதாள். "நல்ல எண்ணெய், நல்ல பாலு. ரெண்டும் நல்லதுதானே? சேர்ந்தா ஏன் நாறுது? நான் இன்னா பாவம் பண்ணேன்?" வகுப்பு எடுத்த டீச்சருக்கே அது தெரியவில்லை. உறைய வை என்று ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், அன்று சொல்லியிருக்கக் கூடாதா? குல்ஃபி விற்கிறவன்கூட எங்கள் தெருவழியாகத்தானே மணியடித்துக்கொண்டு போனான்!

கடைசியில் டீச்சர் ஒரு வழி சொன்னாள். பாலே வேண்டாம், பால் பவுடரைக் கொஞ்சம் எண்ணெயில் குழைத்து, சோப்பு பதம் வந்த பிறகு கடைசியில் சேர்த்துவிடு என்றாள். அப்படிச் செய்ததும் வந்தது பாருங்கள், சந்தன வெளுப்பில், கன்னத்தில் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி. மேடம் எங்கள் வீட்டுக் குழாயடியிலேயே கையைக் கழுவிப் பார்த்தாள். கழுவின கையைத் திரும்பத் திரும்ப மோந்து பார்த்தாள்.

"இதே வேணும். யுகாதிக்கு முன்னாடி. ஃப்ரெஷ் ஹாலு தானே?"

அம்மா தலையை ஆட்டினாள். வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. இதை நான் அன்றே கவனித்தேனா, இப்போது நானாகச் சேர்த்துக்கொள்கிறேனா, தெரியவில்லை.

அப்பாதான் சும்மா இருக்கவில்லை. "பால்காரன் வூட்ல பவுடராமே! வெளிய தெரிஞ்சா என் மானம் போயிரும்" என்று பூத்தில், தெருவில், அத்தை வீட்டில் எல்லாம் சொல்லிச் சிரித்தார். எல்லாரும் கேட்டார்கள். பின்னால் அதுவே அவருக்கு எதிரான சாட்சியாகப் போனது.

அம்மா ஃபேக்டரியை விட்டு நின்றுவிட்டாள். சோப்பு செய்தால் ஆறப்போட்டுக் காய வைக்க வாரக் கணக்கில் ஆகும், யுகாதி நெருங்கிவிட்டது, வேறு வழி இல்லை. "திரும்பி வந்தா ஹெல்பராத்தான் எடுப்பேன்" என்றானாம் சூப்பர்வைசர். "எவ திரும்பி வரப்போறா?" என்று கேட்டுவிட்டு வந்ததாக அம்மா எங்களிடம் நடித்துக் காட்டினாள். அவன் முகம் போன போக்கையும் நடித்துக் காட்டினாள்.

மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கதவு திறந்திருந்தது. அடுப்பில் ஏதோ வதங்கிக்கொண்டிருந்தது. "கை கால் கழுவிட்டு வாடி, எருமை" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நான் குழாயடியில் நின்று அழுதுவிட்டேன். என்னடி என்று கேட்டாள். கண்ணில் தூசி என்றேன். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வாழ்க்கையில் அப்புறம் எத்தனையோ நல்லது நடந்தது. அந்த எருமைக்கு ஈடாக எதுவும் வரவில்லை.

வீட்டில் இடம் போதாது என்று பின் தெருவில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்தோம். ஓனரம்மா கன்னடக்காரி, முன்பக்கம் குடியிருந்தாள். புது இடம் என்றால் பால் காய்ச்சாமல் நாம் ஒரு பாயைக்கூட விரிக்க மாட்டோமே. வளர்பிறை வெள்ளிக்கிழமை, நல்ல நேரம் பார்த்து மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்து பால் காய்ச்சினோம். என்னைப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. அத்தைக்குக்கூடக் கண்ணில் தண்ணீர் வந்தது. "ராசியான இடம்மா" என்றாள். சாமி படத்துக்குக் காட்டி, சர்க்கரை போட்டுக் கலக்கி, டம்ளர்களில் ஊற்றினார்கள்.

அதே நல்ல நேரத்திலேயே முதல் சோப்பையும் செய்துவிட வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். ஆர்டருக்கு வேண்டிய எண்ணெய் மொத்தமும் குண்டானில் இருந்தது. காஸ்டிக் தண்ணீரை ஊற்றியாகிவிட்டது. அவ்வளவு எண்ணெயைக் கிண்ட அப்பாவின் கைதான் சரி என்று அவர் குந்தி உட்கார்ந்து கிண்டிக்கொண்டிருந்தார். பதம் வரத் தொடங்கிவிட்டது. குழைத்த பவுடர் கிண்ணத்தில் தயாராக இருந்தது. என்னிடமும் அத்தையிடமும் டம்ளர்களைக் கொடுத்து, ஓனரம்மாவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள் அம்மா. மிச்சப் பால் சட்டியில் ஆவி பறக்க இருந்தது.

நாங்கள் திரும்பி வரும்போது "தள்ளு, தள்ளு!" என்று அப்பாவின் கத்தல் கேட்டது. ஓடினோம். குண்டான் பொங்கிக்கொண்டிருந்தது. பழுப்பும் ஆரஞ்சுமாக, நுரைத்து நுரைத்து விளிம்பைத் தாண்டித் தரையில் ஓடியது. மூக்கை எரித்தது அந்த நாற்றம். அப்பா ஒரு கையால் அம்மாவைச் சுவரோடு தள்ளிப் பிடித்திருந்தார். இன்னொரு கையில் பால் சட்டி, காலியாக. அவருடைய வலது பாதத்தின் மேலேயே அந்தக் குழம்பு ஊர்ந்துகொண்டிருந்தது.

"இன்னாடா தம்பி பண்ணே?" என்று அத்தை அலறினாள்.

அப்பா தன் கையிலிருந்த சட்டியைப் பார்த்தார். "நான்தான்க்கா ஊத்தினேன். சாமிக்குக் காட்டின பாலு, மிச்சம் இருந்துச்சு. நல்லதுதானேன்னு ஊத்திட்டேன்."

அம்மா வாயைத் திறந்தாள். "நீ சும்மா இரு" என்றார் அப்பா. அவர் அவ்வளவு கடுமையாகப் பேசி நான் கேட்டதே இல்லை. செய்வதையும் செய்துவிட்டு, திட்ட வந்தவளின் வாயையும் அடைக்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழாயடியில் காலைக் கழுவியபோது, வெந்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி உரிந்தது. எனக்கு இரக்கமே வரவில்லை.

"ஏனம்மா இது நாத்த! நாளேனே ரூம் காலி மாடி!" என்று ஓனரம்மா கத்தினாள். நாளை வரைக்கும் காத்திருக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். காலையில் பால் காய்ச்சிக் குடிபுகுந்த இடத்தைச் சாயங்காலம் காலி செய்தவர்கள் பெங்களூரிலேயே நாங்களாகத்தான் இருப்போம்.

குண்டானில் மிஞ்சியதை அம்மா பைப்களில் ஊற்றி வைத்தாள். ஒருவேளை சரியாகிவிடும் என்று ஒரு நப்பாசை. தள்ளியபோது பழுப்பாக, பிசுபிசுவென்று வந்தது. அதையும் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு பார்லருக்குப் போனாள். நானும் கூடப் போனேன். மேடம் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"ஏம்மா, சாம்பிள் ஒண்ணு, மால் ஒண்ணா?"

"வீட்டுக்காரரு தெரியாம சூடான பாலை ஊத்திட்டாரு மேடம்" என்றாள் அம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு.

மேடம் சிரித்துவிட்டாள். "கண்டசரு எல்லா ஹீகேனே!" என்றாள், ஆம்பளைங்களே இப்படித்தானாம். "இந்தத் தடவை வேற ஆளைப் பார்த்துக்கறேன். உங்க கைல தொழில் இருக்கும்மா. அடுத்த மாசம் அவரை உள்ள விடாம செஞ்சு கொண்டு வாங்க, எடுத்துக்கறேன்."

கேட்டீர்களா? கதவை அவள் சாத்தவே இல்லை. அடுத்த மாதம் என்றாள். நான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். ஆனால் அம்மா அடுத்த மாதம் குண்டானைத் தொடவில்லை. அதற்கு அடுத்த மாதமும் தொடவில்லை. நான் கேட்டால் "வேணாம், வுடு" என்பாள். பிறகு ஃபேக்டரிக்கே திரும்பிப் போனாள். அவன் சொன்னபடியே ஹெல்பராகத்தான் எடுத்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை கற்றுக்கொண்ட பெண்கள் தைத்துப் போட்ட சட்டைகளில் நின்றுகொண்டே பிசிறு நூல் வெட்டினாள். நான் மறுபடி பூட்டைத் திறந்தேன், லைட்டைப் போட்டேன், ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

அப்பாவுக்கு ஊரில் பெயர் கிடைத்தது. "சோப்புக்குப் பால் ஊத்தினவரு" என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். பூத்தில் பால் வாங்க வருகிறவர்கள், "குடிக்கத்தான் வாங்கறேன், சோப்புக்கு இல்ல" என்பார்கள். அப்பா அவர்களோடு சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசாமல் எத்தனையோ நாள் இருந்திருக்கிறேன். பெரியவளாகி வேலைக்குப் போன பிறகும், வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில் அந்தப் பால் சட்டியை இழுத்துவிடுவேன். "அம்மா பொழைப்புல மண்ணைப் போட்டவர்தானே நீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

போன வருஷம் அவர் போய்ச் சேர்ந்தார். உங்களில் சிலர் வந்திருந்தீர்கள். காரியத்தன்று சாப்பாடு முடிந்து நெருங்கின சொந்தம் மட்டும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அத்தைக்கு இப்போது வயது எக்கச்சக்கம், ஆனால் குரல் மட்டும் குறையவில்லை. தம்பியைப் பற்றிப் பேசிப் பேசி அழுதவள், அழுது முடித்ததும் சோப்புக் கதையை எடுத்தாள். சட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் நின்ற நிலையை நடித்துக் காட்டினாள். இழவு வீட்டில் ஒரு சிரிப்பு வருமே, அடக்க அடக்கப் பீறிட்டுக்கொண்டு, அப்படி எல்லாரும் சிரித்தார்கள்.

"போதும் அண்ணி" என்றாள் அம்மா. "ஊத்தினது நானு."

சிரிப்பு நின்றது. "இன்னாம்மா சொல்றே?" என்றாள் அத்தை.

"அவரு கிண்டிகினு இருந்தாரு. நான்தான் சட்டியோட கொண்டாந்து கவுத்தேன். 'வேணாம்மே, டீச்சரு பவுடர்தானே சொன்னாங்க'ன்னாரு. நான் கேக்கல. அந்தம்மாகிட்ட ஃப்ரெஷ் பாலுன்னு சத்தியம் பண்ணிட்டேன். பொய் சத்தியத்தோட தொழில ஆரம்பிக்கறதான்னு மனசு கெடந்து அடிச்சுகிச்சு. சாமிக்குக் காட்டின பாலாச்சே, கெடுத்துடுமான்னு ஊத்தினேன். பொங்கினதும் சட்டியப் புடுங்கி என்னைத் தள்ளி வுட்டாரு. நீங்க வந்து நின்னீங்க. அவரே சொல்லிட்டாரு."

"ஏம்மா? அவர் ஏன் சொல்லணும்?" என்றேன்.

"கால்ல மருந்து போடறப்ப நானும் அதத்தான் கேட்டேன். 'சோப்புக்காரி தப்பு பண்ணிட்டான்னு தெரிஞ்சா அப்புறம் எவ வாங்குவா? பால்காரன் பண்ணான்னா சிரிச்சிட்டுப் போயிடுவாங்க. நீ அடுத்த மாசம் திரும்பக் கிண்டு'ன்னாரு."

"அப்புறம் ஏம்மா கிண்டல?" என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அதுக்குத்தானே அவர் பழிய ஏத்துக்கிட்டாரு! அந்த மேடம்தான் எடுத்துக்கறேன்னு சொன்னாங்களே!"

"இன்னான்னு சொல்லிச்சு அந்தம்மா? அவர உள்ள வுடாம செய்யின்னு சொல்லிச்சு. நான் செஞ்சு, அது நல்லாவும் வந்துட்டா? பாரு, அந்தாளு இல்லன்னா எப்படி வருதுன்னு ஊரே சொல்லும். செய்யாத தப்ப அவரு தலைல நானே முத்திரை குத்தின மாதிரி ஆயிடாதா? எனக்குக் கை வரலடி. எண்ணெய் வாங்கியாரட்டுமா, எண்ணெய் வாங்கியாரட்டுமான்னு ரொம்ப நாளு கேட்டாரு. வேணாம்னுட்டேன். ஏன்னு கேட்டாரு. பதில் சொல்லல."

நீங்களே சொல்லுங்கள், இது என்ன அநியாயம்? அவள் மறுபடி செய்வாள் என்று அவர் பழியைத் தூக்கிக்கொண்டார். அவர் தூக்கின பழியை நினைத்து அவள் செய்யவே இல்லை. ஒரே வீட்டில், ஒரே பாயில் அத்தனை வருஷம் இருந்தார்கள், மனசு விட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். காரிய வீட்டில் கத்தினேன். என்னை இத்தனை வருஷம் அவரைத் திட்ட விட்டுவிட்டு நீ வேடிக்கை பார்த்தாயா என்றேன். அத்தை என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் உதறினேன்.

அம்மாவுக்கும் கோபம் வந்துவிட்டது. "ஃபேக்டரிக்குத் திரும்பிப் போனது நானு. நூல் வெட்டினது நானு. பேரு கெட்டது அவருக்கு. நடுவுல உனக்கு இன்னாடி போச்சு?"

"பூட்டின வூட்டுக்கு வந்தது நான்தானேம்மா" என்றேன். "தெனமும். தனியா இருக்க பயமா இருக்கும்."

அம்மா என்னையே பார்த்தாள். கோபமெல்லாம் போய்விட்டது. "சொல்லவே இல்லியேடி" என்றாள்.